பெயர் தெரியாத உயிர்: கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் நடுராத்திரியில் திடுக்கிட்டு நிற்பார்கள். பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க வந்து சும்மா டார்ச் அடித்தால், கல்லின் பொந்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு புழு தலையை நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஊரும். மணலுக்கு மேல் நூல் நூலாக ஏதோ அலையும். காசு கொடுத்து வாங்கியது இரண்டு க்ளவுன் மீனும் ஒரு இறாலும்தான். மற்றதெல்லாம் ‘லைவ் ராக்’ என்று கடைக்காரர் எடை போட்டுக் கொடுத்த கல்லோடு ஓசியில் வந்தவை.

பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்தில் மறுநாள் காலை சிலர் கல்லைத் தூக்கி அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுகிறார்கள். தொட்டிக்குள் இருக்கும் எந்தப் புழுவைவிடவும் ஆபத்தான காரியம் அதுதான். அதனால் புழுக்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், ஸ்டீப்பிள் ஆஸ்டன் என்ற ஊரில், ஒரு வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது பவளத்திலிருந்து விஷம் கிளம்பியது. வீட்டிலிருந்தவர்களுக்கு மூச்சுத்திணறல். உதவிக்குப் போனவர்களையும் சேர்த்துப் பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை வீடுகளிலும் மீன் கடைகளிலும் இதேபோல நடந்ததை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. இரண்டிலும் குற்றவாளி பாலிடாக்ஸின் என்ற விஷம். 1971-இல் ஹவாயின் மாவி தீவில் கிடைத்த ஓர் உயிரிலிருந்து இதைப் பிரித்தெடுத்த செய்தி வெளியானது. கடலில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் இதுவும் ஒன்று.

இந்த விஷத்தைத் தாங்கியிருப்பவை ஜோவாந்திட் என்ற சிறு உயிர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சட்டைப் பொத்தான் அகலத்தில் தட்டையான முகம், விளிம்பைச் சுற்றிக் குட்டைக் குட்டையான உணர்கொம்புகள், பத்து இருபதாகக் கூட்டம் சேர்ந்து கல்லில் பாய் விரித்ததுபோல இருக்கும். தொட்டால் வாயைச் சுருக்கி மூடிக்கொள்ளும். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் ரகங்களைக் கடையில் எண்ணி விற்பார்கள். கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டியது கல்லோடு தானாக வரும் பழுப்பு ரகத்தை. பாலிதோவா என்ற அந்த வகை தன் உடம்பிலேயே மணல் துகள்களைப் பதித்துக்கொண்டு முரடாக இருக்கும். எதில் விஷம் அதிகம், எதில் இல்லவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ‘இது சாதா ஜோவா, பயமில்லை’ என்று கடைக்காரர் சொன்னால் அது அவருடைய நம்பிக்கை, அவ்வளவுதான்.

நம் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் ஓயாமல் வேலை செய்கிறது. பாலிடாக்ஸின் அதில் போய் ஒட்டிக்கொண்டு, பம்பைத் திறந்த வாசலாக்கிவிடும். உப்புகள் இஷ்டத்துக்கு வந்துபோக, தசையும் இதயமும் தடுமாறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. கொதிநீரில் அழியவும் அழியாது. கொதிக்கவைத்தாலும், சூடான நீரைப் பீய்ச்சினாலும், பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் நுண் துளிகளாகக் காற்றில் கிளம்பி நேராக நுரையீரலுக்குப் போகும். ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய ஃபிளாட் என்றால் கேட்கவே வேண்டாம்.

வாயில் கசப்பாகவோ இரும்பைச் சப்பியதுபோலவோ ஒரு ருசி, குளிர் காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், உடம்பு வலி என்று இது வைரஸ் காய்ச்சல் மாதிரியே ஆரம்பிக்கும். தொட்டியில் கை வைத்த சில மணி நேரத்தில் இப்படி ஏதாவது தோன்றினால், வீட்டில் எல்லோரும், நாய் பூனை உட்பட, உடனே வெளியே வந்துவிட வேண்டும். அடுப்பை அணைக்கிறேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப உள்ளே போகக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். கருவிழி புண்ணாகிப் பார்வை கெட்டவர்கள் உண்டு. மூச்சு சிரமமாக இருந்தால் 108. டாக்டரிடம் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், கடல்நீர்த் தொட்டி இருக்கிறது, பவளத்தைச் சுத்தம் செய்தோம், பாலிடாக்ஸினாக இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். செல்போனில் அந்தப் பவளத்தின் படம் இருந்தால் காட்டுங்கள். நம் ஊர் டாக்டர்களில் பலர் இப்படி ஒரு கேஸையே பார்த்திருக்க மாட்டார்கள். டெல்லி எய்ம்ஸில் 24 மணி நேரமும் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்திடம் டாக்டரே போனில் கலந்து பேசலாம்.

கல்லை ஒழித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மொட்டைமாடி மாதிரி காற்றோட்டமான இடத்தில், கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, 5–6 சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு என்று அப்போதைக்கப்போது கலந்து, அதில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். இந்தக் கலவையோடு வினிகரோ கழிவறை ஆசிடோ சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி இன்னொரு விபத்தாகும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது

கல்லோடு வருபவற்றில் பெரும்பாலானவை சாது. மீன் தின்னாமல் விட்ட தீனியையும் அழுகலையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பவை. எனவே கொல்வதற்கு முன் அடையாளம் காண வேண்டும். அதற்குப் பகல் வெளிச்சம் உதவாது.

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் பல கடல் உயிர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஓடி ஒளியாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பம்பை ஐந்து நிமிடம் நிறுத்தி, போனைக் கண்ணாடியோடு நேராக ஒட்டிவைத்துப் படம் எடுங்கள். சாய்த்தால் உருவம் கலங்கும். அசைவைக் காட்டும் வீடியோ, பத்துப் படத்துக்குச் சமம். பக்கத்தில் கண்ணாடி மேல் ஒரு ஸ்கேலை வைத்தால் அளவும் தெரிந்துவிடும். எங்கே இருந்தது, கல்லிலா மணலிலா மீன் உடம்பிலா, தொட வந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிறதா, இரு பக்கமும் முடி இருக்கிறதா, கொம்பு எத்தனை என்பதை எல்லாம் எழுதிவையுங்கள். ‘பிரவுன் கலர்ல புழு மாதிரி ஒண்ணு’ என்று கேட்டால் உலகத்தில் எந்த நிபுணராலும் பதில் சொல்ல முடியாது.

கண்ணாடியில் ஊரும் வெள்ளைப் புள்ளிகள் அநேகமாகக் கோபிபாட். புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் கிருமி என்று அலறி மருந்து ஊற்றுவது இவற்றைப் பார்த்துத்தான். உண்மையில் தொட்டி நன்றாகப் பழகிவருகிறது என்பதற்கு இவையே சான்று. மீனுக்கும் இலவசத் தீனி. இறால் குஞ்சுபோலப் பக்கவாட்டில் தட்டையாக வளைந்து துள்ளுபவை ஆம்பிபாட், அவையும் அப்படியே. ஆனால் மரவட்டை குட்டியைப்போலத் தட்டையாக, பெரிய கருங்கண்ணோடு, விசுக்கென்று நீந்திவந்து மீனின் கன்னத்திலோ துடுப்பருகிலோ ஒட்டிக்கொள்வதைக் கண்டால் உஷாராக வேண்டும். சைரோலானிட் என்ற ஐசோபாட் வகையில் சில ராத்திரியில் மீனைக் கடித்து ரத்தம் குடிப்பவை. மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, பொறி வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்து எடுப்பதைத் தவிர வேறு நல்ல வழியில்லை.

புழுக்களில் அதிகம் கொல்லப்படும் அப்பாவி பிரிஸ்டில் வார்ம். உடம்பு வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் வெள்ளை முடிக் கற்றை. மெதுவாக ஊர்ந்து, செத்ததைத் தின்னும். வெறும் கையால் தொட்டால் அந்த முடிகள் கண்ணாடித் தூள்போல விரலில் ஏறி, எரிச்சலும் வீக்கமும் ஒன்றிரண்டு நாளாவது இருக்கும். தேய்க்காதீர்கள், செலோடேப்பை ஒட்டி உரித்தால் முடி வந்துவிடும், பிறகு வினிகர் தடவலாம்.

இதற்குச் சித்தப்பா முறையில் ஒன்று இருக்கிறது, யூனிசிட் புழு. தலையில் ஐந்து கொம்பு, உடம்பில் எண்ணெய் பட்ட தண்ணீர்போல வானவில் மினுக்கு, வெளிச்சம் பட்டதும் மின்னலாகப் பொந்துக்குள் மறையும் வேகம். 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகரில் உள்ள புளூ ரீஃப் அக்வேரியத்தில் பவளங்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் துண்டாகிக் கிடந்தன. பொறி வைத்தும் சிக்கவில்லை. கடைசியில் காட்சித் தொட்டியையே கல் கல்லாகப் பிரித்தபோது வெளியே வந்தது நாலடிக்கும் நீளமான புழு. கல்லோடு குட்டியாக வந்து அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும். ஆளே காவலுக்கு இருக்கும் பொது அக்வேரியத்திலேயே இந்தக் கதி என்றால், வீட்டுத் தொட்டியில் ஒரு மீன் காணாமல் போனதற்குப் பூனையைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

ஐப்டேசியா என்ற கண்ணாடிபோன்ற பழுப்புக் கடல் சாமந்தி இன்னொரு ரகத் தலைவலி. பிடுங்கலாம் என்று கிள்ளினால் பாதத்தில் மிச்சமிருக்கும் துணுக்கிலிருந்தே புதிதாக முளைக்கும். நசுக்கினால் ஒன்று பத்தாகும். அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறாலையோ பெர்கியா என்ற ஓடில்லா நத்தையையோ விடுவது மேல். இறாலில் பெயர் மாற்றி விற்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

தொட்டியிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் கண்ணாடி விரிகிறது என்று நினைத்துப் பதறாதீர்கள். துப்பாக்கி இறாலாகவோ மாண்டிஸ் இறாலாகவோ இருக்கலாம். முன்னதுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பருத்திருக்கும், ஆளுக்குத் தீங்கில்லை. பின்னதுக்குத் தண்டின் மேல் நிற்கும் இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். சிப்பியை உடைக்கும் அதன் அடி விரலையும் பிளக்கும். அந்தக் கல்லில் கையே வைக்காமல், இறால் துண்டு போட்ட பாட்டில் பொறியைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். கூம்பு வடிவ ஓடுள்ள நத்தை எதுவாக இருந்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், கையில் எடுக்க வேண்டாம். கூம்புச் சங்கு வகைகளில் சில விஷ ஊசியை எய்து ஆளையே கொன்றிருக்கின்றன.

எது எப்படியிருந்தாலும் செம்பு கலந்த மீன் மருந்தைப் பிரதான தொட்டியில் ஊற்றாதீர்கள். இறால், நத்தை, பவளம் அத்தனையும் போய்விடும். கல்லில் ஊறிய செம்பு பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கையில் கீறல் இருந்தால் நீளக் கையுறை கட்டாயம். மைகோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, காச நோய்க் கிருமியின் உறவு, கீறல் வழியாக நுழைந்து சில வாரங்கள் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத முடிச்சாக எழும்பும். சாதாரணப் புண் என்று களிம்பு மாற்றி மாற்றிப் போட்டு மாதங்களை வீணாக்கியவர்கள் அநேகம். மீன் தொட்டி இருக்கிறது என்ற ஒரு வார்த்தை டாக்டர் காதில் விழுந்திருந்தால் போதும், சரியான பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்.

கல்லுக்கு உள்ளே சட்டமும் இருக்கிறது

‘அண்ணே, இந்தக் கல்லு எங்கேர்ந்து வருது?’ என்று கேட்டால், ‘எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு தம்பி, கவலைப்படாம எடுத்துட்டுப் போ’ என்று பதில் வரும். கவலைப்பட வேண்டிய இடமே அதுதான்.

இந்தியக் கடலில் பாறை கட்டும் பவளங்கள், கறும்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை, பெருஞ்சிப்பி ஆகியவை 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. லைவ் ராக் என்பது பெரும்பாலும் பவளத்தின் கூடுதான். ‘செத்த பவளம்தானே’ என்ற வாதம் எடுபடாது. உயிரோடு இருப்பதற்கும் அதிலிருந்து ஆன பொருளுக்கும் சட்டம் பொருந்தும். இவ்வளவு கடுமை ஏன் என்றால் மன்னார் வளைகுடாவைப் போய்ப் பார்க்க வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் ஆண்டுக்கணக்கில் பவளக் கல்லை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கியே போயின.

2022-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பலர் அறியாத பிரிவு 57. பொருள் உங்கள் வசம் இருப்பது நிரூபணமானால், அது சட்டவிரோதமானது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டிய சுமை உங்கள் தலையில். அப்போது பில் இல்லாதவர் என்ன காட்டுவார்? பிரிவு 39-ஐயும் தெரிந்துகொள்ளுங்கள். அரசின் சொத்தாகக் கருதப்படும் வன உயிர் எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். ‘கல்லோடு தானாக வந்தது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பாதுகாக்கப்பட்ட உயிர் என்று தெரிந்த பிறகு மூடி மறைத்து வளர்ப்பது, தானே போய்ச் சொல்வதைவிடப் பல மடங்கு மோசமான நிலையில் கொண்டுபோய் நிறுத்தும். படத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, வனத்துறை அலுவலகத்துக்குப் போவது நல்லது. வெளிநாட்டுப் பவளம், கடல் குதிரை போன்றவற்றுக்கு சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். அந்த ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது.

சட்டம் என்றாலே வாங்குபவரைக் கட்டுப்படுத்த மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு உரிமைகளும் உண்டு. பொருளின் தன்மை, தரம் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. பில் தராமல் மறுப்பதே நேர்மையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. நோய்ப்பட்ட மீனையோ, விஷமுள்ள பவளத்தை எச்சரிக்கை ஏதுமின்றியோ விற்று நஷ்டமோ உடல் பாதிப்போ ஏற்பட்டால், முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், தொட்டியின் படம், மருத்துவச் சீட்டு, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்ஆப் உரையாடல் எல்லாம் சாட்சி. ஆனால் தடை செய்யப்பட்ட பவளக் கல்லை ரகசியமாக வாங்கிவிட்டு ‘புழு இருந்தது, பணத்தைத் திருப்பிக் கொடு’ என்று ஆணையத்தின் படியேறினால், முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

என் கருத்து இதில் ஒன்றே. இயற்கைக் கல்லை விட்டுவிட்டு, பீங்கானிலோ சிமென்டிலோ செய்த செயற்கைக் கல்லை வாங்குங்கள். பாக்டீரியா குடியேற ஓரிரு மாதம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். விஷம், புழு, வனத்துறை மூன்றிலும் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறமும் ஒரு பவளத் துண்டோ செடியோ சேர்த்தால், அதைத் தனிச் சிறு தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்குள் விடுங்கள்.

பிடித்த உயிரை ‘பாவம், கடலிலேயே விட்டுவிடலாம்’ என்று மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ கொண்டுபோய் விடுபவர்கள் இருக்கிறார்கள். 1984-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே ஒரு சதுர மீட்டர் அளவில் தென்பட்ட கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற அக்வேரியப் பாசி, மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. அதே பாசி 2000-இல் கலிஃபோர்னியாவில் ஒரு காயலில் தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடிக் குளோரின் செலுத்தி ஒழிக்க ஆறு ஆண்டும் 70 லட்சம் டாலருக்கு மேலும் ஆயிற்று. நம் குருசடைத் தீவிலேயே, அக்வேரியத்திலிருந்து அல்லாமல் கடல்பாசி வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

எனவே வேண்டாத பாசியையும் சாமந்தியையும் பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் ஓரிரு நாள் வைத்து, உறைந்ததை வீட்டுக் குப்பையோடு போடுங்கள். அந்தப் பை சமையல் பொருள்களோடு கலக்கக் கூடாது. ஜோவாந்திட்டாக இருந்தால் ஃப்ரீசரை நம்பாமல் மேலே சொன்ன பிளீச்சிங் முறைதான். தொட்டித் தண்ணீரை மழைநீர் வடிகாலிலோ கால்வாயிலோ கொட்டாமல், வாளியில் பிளீச்சிங் கலந்து ஒரு ராத்திரி வைத்துக் கழிவறையில் ஊற்றுங்கள்.